உஷார்! மூடி வைத்த கடல்நீரில் விஷவாயு

தொட்டியிலோ குழாயிலோ படகின் அடிவயிற்றிலோ கடல்நீரை அடைத்து வைத்திருப்பவர்கள் இதை இன்றே படித்துவிட வேண்டும். காற்றுப் புகாமல் கிடக்கும் கடல்நீரில் கொஞ்சம் மீன் கழிவோ செத்த இறாலோ கடற்பாசியோ சேர்ந்துவிட்டால், சில நாட்களில் அதற்குள் ஒரு பாக்டீரியாக் கூட்டம் பெருகத் தொடங்கும். அது வெளியேற்றும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு, ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்க்கக்கூடியது. இந்த பாக்டீரியாவை யாரும் கொண்டுவந்து விட வேண்டியதில்லை. கடல்நீரோடும் சேற்றோடும் அது தானாகவே வந்து சேர்கிறது.

நாம் உண்ட உணவிலிருந்து சக்தி எடுக்க ஆக்சிஜன் வேண்டும். இந்த பாக்டீரியாவுக்கு அது வேண்டாம். ஆக்சிஜன் செய்யும் வேலையை அதற்கு சல்ஃபேட் செய்கிறது. சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு சல்ஃபைடைக் கழிவாக விடுகிறது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் பெயரிங்க் என்ற நுண்ணுயிரியலாளர் 1895-லேயே இதைக் கண்டுபிடித்துப் பதிவு செய்துவிட்டார். ஆகவே இது புது ஆபத்து அல்ல. தெரிந்திருந்தும் ஆட்கள் சாகிறார்கள் என்பதுதான் நம்மைப் பதற வைக்க வேண்டும்.

கடல்நீரைக் குறிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. ஆற்று நீரில் பெரும்பாலும் சில பத்து மில்லிகிராம்தான். நல்ல தண்ணீர்த் தொட்டியில் அழுகல் விழுந்தால் சல்ஃபேட் சீக்கிரம் தீர்ந்துவிடும். கடல்நீர்த் தொட்டியில் அது எளிதில் தீராது, இரை விழ விழ வாயு வந்துகொண்டே இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் மனம் நடுங்குகிறது. 20 லிட்டர் கேன் ஒன்றில் உள்ள கடல்நீரின் சல்ஃபேட் முழுவதும் மாறினால் சுமார் 14 லிட்டர் வாயு கிடைக்கும். பத்தடிக்குப் பத்தடி, பத்தடி உயரமுள்ள அறையில் அது முழுதும் பரவினால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 500 பங்கு. அந்த அளவில் மனிதர் சில நிமிடங்களில் தள்ளாடி விழுவார், அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் உயிர் போகலாம். உண்மையில் எல்லா சல்ஃபேட்டும் மாறுவதில்லை, மாறியதிலும் பெரும்பகுதி நீரிலும் சேற்றிலும் கட்டுண்டு கிடக்கும் என்பது சரிதான். ஆனால் நம்மிடம் இருப்பவை கேன்கள் அல்ல. ஆயிரக்கணக்கான லிட்டர் கொள்ளும் தொட்டிகள், கப்பல் நிலையாக மிதக்கக் கடல்நீர் நிரப்பும் பலாஸ்ட் டேங்குகள், இறால் பண்ணைக் கழிவுக் கிணறுகள். கட்டுண்டு கிடக்கும் விஷத்தை ஒரே நொடியில் அவிழ்த்துவிடும் காரியத்தையும் நாமேதான் செய்கிறோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மூக்கைப் பற்றி.

அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்கும்போதே அந்த நாற்றம் பலருக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் “நாற்றம் வந்தால் ஏறி வந்துடலாம்” என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியம் எத்தனையோ பேரைப் புதைத்திருக்கிறது. 100 பங்கைத் தாண்டும்போது இந்த வாயு மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடுகிறது. நாற்றம் நின்றுவிடும். உள்ளே இறங்கியவர் “இப்ப நாத்தம் இல்ல, பரவாயில்ல” என்று இன்னும் இரண்டு படி இறங்குவார். அவர் நாற்றத்தைத் தாண்டிப் போகவில்லை, நாற்றத்தை உணரும் எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறார். அளவு 700-ஐத் தாண்டி ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பும். கூப்பிடக்கூட நேரம் இருக்காது. காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு என்பதால் தொட்டியின் அடியிலும் படகின் அறைத் தரையிலும் தேங்கி நிற்கும். மேலே நின்று மூச்சு விட்டுப் பார்த்து “நல்லாத்தான் இருக்கு” என்று சொல்வது எந்த உத்தரவாதமும் இல்லை.

அடுத்து நடப்பதுதான் கொடுமை. ஒருவர் விழுவதைப் பார்த்ததும் தம்பி குதிப்பார், மச்சான் குதிப்பார், கூட வேலை பார்ப்பவர் குதிப்பார். மூவரும் நால்வரும் ஒரே இடத்தில் கிடப்பார்கள். அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-ல் வெளியிட்ட எச்சரிக்கை ஒன்றில், அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மற்றவரைக் காப்பாற்றப் போனவர்கள் என்று எழுதியிருந்தது. நம் ஊர்ச் சாக்கடைக் குழிகளிலும் செப்டிக் டேங்குகளிலும் நடக்கும் சாவுகள் இதே ஒழுங்கில்தான் நடக்கின்றன, அங்கே கொல்வதும் பெரும்பாலும் இதே வாயுதான். அப்படி இறப்பவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. உயிரைத் திருப்பித் தர எந்த உத்தரவாலும் முடியாது.

திறந்த வெளியில் ஆபத்து இல்லை என்று நினைப்பவர்களுக்கு பிரான்ஸ் நாட்டின் பிரித்தானி கடற்கரையைக் காட்ட வேண்டும். பன்றிப் பண்ணைகளும் உரமிட்ட வயல்களும் ஆறுகளில் கலக்கும் நைட்ரேட்டால் அங்கே பச்சைப் பாசி கடலில் மண்டி, அலையோடு கரை ஒதுங்கி, மேலே வெயிலில் காய்ந்த ஓடு கட்டி, அடியில் அழுகுகிறது. அந்த ஓட்டுக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை, கடல்நீரின் சல்ஃபேட் இருக்கிறது, இரையாகப் பாசி இருக்கிறது. 2009 ஜூலையில் சேன்-மிஷெல்-ஆன்-க்ரேவ் கடற்கரையில் ஒரு குதிரை அந்தப் பாசிச் சேற்றில் புதைந்து செத்தது. குதிரையோடு வந்தவர் நினைவிழந்து, மற்றவர்கள் இழுத்துப் போட்டதால் பிழைத்தார். 2011-ல் கூவெசான் ஆற்று முகத்துவாரத்தில் 36 காட்டுப்பன்றிகள் செத்துக் கிடந்தன. 2016-ல் அதே முகத்துவாரத்தில் ஓடப்போன ஒருவர் பிணமாகக் கிடைத்தார். அந்தச் சாவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்று 2025 ஜூனில் நாந்த் நகர மேல்முறையீட்டு நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுற்றிலும் கடற்காற்று வீசும் இடத்திலேயே இந்தக் கதி. மூடிய தொட்டிக்குள் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் கரைக்கு வருவோம். விசைப்படகுகளின் மீன் அறையில் ஐஸ் கரைந்த நீரும் கடல்நீரும் மீன் ரத்தமும் கலந்து அடியில் தேங்கும். மீன் மாவு ஆலைக்குப் போகும் சங்காயம் எனும் கழிவு மீனை ஐஸ் போடாமல் குவித்து வைத்தால் அது இன்னும் வேகமாக அழுகும். படகு கரையில் நாட்கணக்கில் கட்டிக் கிடந்த பிறகு, அறையின் மூடியைத் திறந்து, கழுவுவதற்கு வயதில் சின்னவனை முதலில் இறக்குவது வழக்கம். அந்த நேரம்தான் மிக ஆபத்தான நேரம். அழுகல் உள்ளே இருந்த ஆக்சிஜனையும் தின்று தீர்த்திருக்கும், ஆகவே விஷவாயு குறைவாக இருந்தாலும் மூச்சுக்குக் காற்று இருக்காது. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகளைத் தயார் செய்யும் நாட்களில் எல்லாத் துறைமுகங்களிலும் இது ஒரே நேரத்தில் நடக்கிறது. படகு உரிமையாளர்களே, அந்த மூடியைத் திறந்ததும் ஆள் இறக்காதீர்கள். திறந்து போட்டு, காற்றாடி வைத்து உள்ளே காற்றடித்து, வாயு அளவியைக் கயிற்றில் கட்டி அடிவரை இறக்கிப் பார்த்த பிறகே யாரும் கால் வைக்க வேண்டும்.

இறால் பண்ணைக்காரர்களுக்கு இந்த பாக்டீரியாவை வேறு முகத்தில் தெரியும். குளத்தின் அடி மண் கறுத்து, கையில் அள்ளினால் முட்டை நாற்றம் அடிக்கும். அந்தக் கறுப்பு நிறம் இரும்பு சல்ஃபைடு. தின்னாமல் விழுந்த தீவனமும் இறாலின் கழிவும் ஓடும் அடியில் சேரச் சேர, ஏரேட்டர் எட்டாத மூலைகளில் அது தடித்துக்கொண்டே போகும். சல்ஃபைடின் எத்தனை பங்கு விஷவாயு வடிவில் இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு. பி.எச். 8 அளவில் பத்தில் ஒரு பங்கு. பி.எச். 7-க்கு இறங்கினால் பாதிக்குப் பாதி. விடியற்காலையில் பி.எச்.சும் ஆக்சிஜனும் சேர்ந்து இறங்கும்போது, ஓடு கழற்றிய இறால் அடியில் செத்துக் கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கறுப்பு தடித்துவிட்ட குளத்தில் நடு வளர்ப்பில் சங்கிலி இழுத்து அடியைக் கலக்கினால், அதுவரை அடங்கிக் கிடந்ததெல்லாம் ஒரே வீச்சில் நீரில் ஏறும். சங்கிலி போடுவதானால் குளத்தில் குஞ்சு விட்ட முதல் வாரங்களிலிருந்தே போட வேண்டும், கறுத்த பிறகு அல்ல. அறுவடை முடிந்ததும் கழிவு நீர் சேரும் மூடிய குழிக்குள் அடைப்பெடுக்க ஆள் இறக்குவதை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

குஞ்சு பொரிப்பகங்களில் ஆபத்து குழாய்க்குள் இருக்கிறது. ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று தொடங்கும்வரை குழாய்களில் கடல்நீரை நிறைத்தபடியே விட்டுவிடுகிறார்கள். திரும்பத் திறக்கும்போது முதலில் வருவது கறுத்த, நாறும் நீர். அது தொட்டிக்குப் போனால் குஞ்சு மொத்தமும் போகும். நார்வேயில் மறுசுழற்சித் தொட்டிகளில் சால்மன் வளர்ப்பவர்கள் கடல்நீரின் பங்கைக் கூட்டிய பிறகு இதே வாயுவால் மீன்கள் கூட்டமாகச் சாவதைக் கண்டு திணறியிருக்கிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்து, எல்லாவற்றையும் கருவி வைத்து அளப்பவர்களுக்கே இந்தப் பாடு. குழாயை வடித்து உலர விடுங்கள். மீண்டும் ஓட்டும்போது முதல் நீரை வெளியே விடுங்கள்.

இப்போது, “பிறகு சொல்கிறேன்” என்று முன்பு விட்ட விஷயம்: ஆசிட்.

கடல்நீரின் பி.எச். சுமார் 8.1. அந்த நிலையில் சல்ஃபைடின் பெரும்பகுதி நீரில் கரைந்தே இருக்கும், மீதி இரும்போடு சேர்ந்து கறுப்புச் சேறாகப் படிந்திருக்கும். பார்ப்பவருக்கு அது வெறும் அழுக்கு. அழுக்கு என்றால் நம் கை முதலில் தேடுவது ஆசிட் பாட்டிலைத்தான். தொட்டிச் சுவரில் உள்ள கறுப்புப் படிவத்தின் மேல் ஆசிட் விழுந்த மறுகணம், மாதக்கணக்கில் சேர்ந்த சல்ஃபைடு மொத்தமும் வாயுவாகப் பொங்கி எழும். ஊற்றியவர் குனிந்து நிற்கிறார், முகம் அதற்கு நேரே இருக்கிறது. கறுத்த படிவம் எங்கே இருந்தாலும், அது தொட்டியோ குழாயோ வாய்க்காலோ, ஆசிட்டை அருகே கொண்டு போகாதீர்கள். முதலில் ஏராளமான நீரைப் பாய்ச்சி, தொலைவிலிருந்து பீய்ச்சி, சேற்றை வெளியேற்றுங்கள். இரும்புத் தொட்டிகளிலும் எண்ணெய்க் குழாய்களிலும் இன்னொரு ஆபத்தும் உண்டு. அங்கே படிந்த இரும்பு சல்ஃபைடு காய்ந்து காற்றுப் பட்டால் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. சுத்தம் செய்து முடிக்கும்வரை அதை ஈரமாகவே வைத்திருப்பது அதனால்தான்.

பிளீச்சிங் பவுடர் போட்டால் சரியாகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பாதிதான் உண்மை. குளோரின் நீரில் மிதக்கும் பாக்டீரியாவைக் கொல்லும், கரைந்த சல்ஃபைடையும் முறிக்கும். ஆனால் இந்த பாக்டீரியா பெரும்பாலும் மிதப்பதில்லை. சுவரோடும் குழாயின் உட்புறத்தோடும் ஒட்டிய வழவழப்பான படலத்துக்குள் குடியிருக்கிறது. மேலே உள்ள அடுக்குகளும் சேறும் குளோரினைத் தின்று தீர்த்துவிடும், உள்ளே இருப்பவை பிழைத்துக்கொள்ளும். சில இனங்கள் வித்துகளாக மாறி வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கிக் காத்திருக்கும். தேய்த்துக் கழுவாமல் மருந்து மட்டும் ஊற்றுவது வீண் செலவு, இரண்டு வாரத்தில் பழைய நிலை திரும்பும். கட்டுப்படுத்தும் வழி நான்குதான்: இரையைச் சேர விடாதே, நீரைத் தேங்க விடாதே, காற்றோட்டம் கொடு, படலத்தைச் சுரண்டி எடு. மருந்தெல்லாம் இவற்றுக்குப் பிறகு.

எண்ணெய்க் கம்பெனிகள் இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டன. கிணற்றில் அழுத்தம் குறையாமலிருக்கக் கடல்நீரைப் பூமிக்குள் செலுத்தப் போய், வட கடலின் எண்ணெய் வயல்கள் பல சில ஆண்டுகளில் விஷவாயு கக்கத் தொடங்கின. நார்வேயின் குல்ஃபாக்ஸ் வயலில் 1999 முதல் நைட்ரேட் கலந்து செலுத்தினார்கள். நைட்ரேட்டைப் பயன்படுத்தும் வேறு பாக்டீரியாக்கள் தழைத்து, சல்ஃபேட் பாக்டீரியாவின் இரையைப் பறித்துக்கொள்ளும் என்பது அதன் சூட்சுமம். அலாஸ்காவின் ப்ரூடோ பேயில் 2006 மார்ச்சில் குழாய் அரித்து 2 லட்சம் கேலன் எண்ணெய் பனிநிலத்தில் கசிந்தபோது, உள்ளே தங்கிய சேறும் பாக்டீரியாவும் செய்த அரிப்பின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. துறைமுகங்களில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே உள்ள இரும்புத் தகட்டுச் சுவர்கள் ஆண்டுக்கு அரை மில்லிமீட்டருக்கும் மேல் அரிக்கப்படுவதிலும் இதே பாக்டீரியாவுக்குப் பங்குண்டு. ஆரஞ்சு நிறத் திட்டு, அதைச் சுரண்டினால் கறுப்பு, அதற்கும் கீழே பளபளக்கும் குழி விழுந்த இரும்பு: துறைமுகப் பொறியாளர்கள் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த ஆய்வுக்குக் காத்திருக்கக் கூடாது.

இந்த பாக்டீரியாவை வேண்டுமென்றே வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஹாங்காங்கில் பெரும்பாலான மக்களின் கழிப்பறைகளில் பாய்வது கடல்நீர். அந்தச் சாக்கடையில் சல்ஃபேட் மிகுதி என்பதையே பயன்படுத்தி, இதே பாக்டீரியாவைக் கொண்டு கழிவு நீரைச் சுத்தம் செய்யும் முறையை ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கினார்கள். அடைத்த கலன், அளவிகள், பயிற்சி பெற்ற ஆட்கள் எல்லாம் இருக்கும் இடத்தில் அது நல்ல வேலைக்காரன். ஆய்வகத்தில் சின்னச் சின்னப் போத்தல்களில், போஸ்ட்கேட் என்ற நுண்ணுயிரியலாளர் வகுத்த வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, கறுப்பு நிறம் வருவதைப் பார்த்து எண்ணிக்கையைக் கணிப்பதும் பாதுகாப்பாகச் செய்யக்கூடியதே. என் பயமெல்லாம் கல்லூரி மாணவர்களைப் பற்றியது. கடற்சேறு, காகிதம், முட்டை மஞ்சள் கரு போட்டு, நுண்ணுயிர்கள் அடுக்கடுக்காக வளர்வதைக் காட்டும் வினோகிராட்ஸ்கி தூண் செய்யும் செயல்முறை அழகானது. அதை ஒரு சிறு கண்ணாடிக் குடுவையில் செய்யுங்கள். “பெருசா செஞ்சா நல்லா தெரியும்” என்று டிரம்மிலும் கேனிலும் செய்யாதீர்கள். இறுக மூடாதீர்கள், வாயு அழுத்தத்தில் கண்ணாடி தெறிக்கும். விடுதி அறையில் வைக்காதீர்கள். மூக்கை வைத்து முகர்ந்து பார்க்காதீர்கள். வாயு இருக்கிறதா என்று பார்க்க லெட் அசிடேட் தாள் இருக்கிறது, அது கறுத்துக் காட்டும். வேலை முடிந்ததும் நீங்களாகச் சாக்கடையில் கொட்டாமல், ஆசிரியரிடம் கொடுத்து வாயு வெளியேற்றும் அலமாரிக்குள் வைத்து அழிக்கச் சொல்லுங்கள். மாணவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போகும் ஆசிரியர்களை மன்னிக்க முடியாது.

முகத்தில் ஈரத் துண்டு கட்டிக்கொண்டு இறங்கினால் போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். துணி இந்த வாயுவைத் தடுக்காது. கொரோனாவுக்குப் போட்ட முகக்கவசமும் தடுக்காது. ஆக்சிஜன், ஹைட்ரஜன் சல்ஃபைடு, கார்பன் மோனாக்சைடு, எரிவாயு நான்கையும் அளக்கும் கையடக்க அளவி கிடைக்கிறது. ஒரு சங்கம் வாங்கி வைத்தால் ஒரு துறைமுகமே பயன்படுத்தலாம். மீன்வளத் துறையும் படகு உரிமையாளர் சங்கங்களும் வலைக்கும் எஞ்சினுக்கும் செலவழிப்பதில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும். இதை இலவசமாகக் கேட்பதற்கு மீனவர்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. அளவி இல்லாத இடத்தில் இறங்கச் சொல்லும் முதலாளியிடம் முடியாது என்று சொல்வதும் உரிமைதான்.

யாராவது உள்ளே விழுந்து கிடப்பதைப் பார்த்தால், அது உங்கள் அண்ணனாகவே இருந்தாலும், இறங்காதீர்கள். கத்தி ஆட்களைக் கூட்டுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, கடலில் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554. மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, காற்றாடி இருந்தால் உள்ளே காற்றடியுங்கள். இடுப்பில் முன்கூட்டியே கயிறு கட்டி இறங்கியிருந்தால் மேலே நின்றே இழுத்துவிடலாம். அதனால் இன்று வேலைக்கு யாரையாவது இறக்கப் போகிறீர்கள் என்றால், அளவியை இறக்கிப் பாருங்கள், கயிற்றைக் கட்டுங்கள், மேலே ஒருவரை நிறுத்துங்கள். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மூடியை மூடிவிட்டு வேலையை நாளைக்குத் தள்ளிப் போடுங்கள்.